எனலாப்ரிலும் சிறுநீரகச் செயற்பாடும்

எனலாப்ரில் என்பது இதயச் செயலிழப்புக்கும் உயர் குருதி அழுத்தத்துக்கும் மாத்திரையாகக் கொடுக்கப்படும் மருந்தாகும். இது ஆஞ்சியோடென்சின் மாற்று நொதித் தடுப்பிகள் எனும் குழுவைச் சேர்ந்தது. இம்மருந்தைத் தொடங்கியபின் குருதியில் கிரியேட்டினின் அளவு சற்று உயர்வதுண்டு. இவ்வுயர்வு பெரும்பாலும் சிறுநீரகச் சிதைவின் அறிகுறியன்று. மருந்து செயற்படும் முறையின் விளைவாகும். எனினும் சில நிலைகளில் இதே விளைவு கடும் சிறுநீரகச் செயலிழப்பாக மாறக்கூடும்.

செயற்படும் விதம்

எனலாப்ரில் கல்லீரலில் எனலாப்ரிலாட் எனும் பொருளாக மாறிய பின்னரே செயற்படுகிறது. எனலாப்ரிலாட், ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதைத் தடுக்கிறது. ஆஞ்சியோடென்சின்-2 குருதிக் குழாய்களைச் சுருக்குவதுடன், ஆல்டோஸ்டிரோன் சுரப்பைத் தூண்டி உடலில் உப்பையும் நீரையும் தேக்குகிறது. இது குறையும்போது நலிந்த இதயத்தின் சுமை குறைகிறது.

சிறுநீரகத்தில் விளைவு

சிறுநீரகத்தில் குருதி வடிகட்டப்படும் இடம் குளோமருலஸ் எனும் நுண்குழாய் முடிச்சாகும். உட்செல் நுண்தமனி வழியாகக் குருதி இதனுள் வந்து, வெளிச்செல் நுண்தமனி வழியாக வெளியேறுகிறது. ஆஞ்சியோடென்சின்-2 வெளிச்செல் நுண்தமனியையே கூடுதலாகச் சுருக்குகிறது. நீர் பாயும் குழாயின் வாயைச் சற்று அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடுவதுபோல, இச்சுருக்கம் வடிகட்டலுக்கான அழுத்தத்தைக் காக்கிறது. எனலாப்ரில் இச்சுருக்கத்தைத் தளர்த்துவதால் அழுத்தமும் வடிகட்டும் வீதமும் குறைந்து, கிரியேட்டினின் உயர்கிறது. புரதம் வெளியேறும் நாட்பட்ட சிறுநீரக நோயில் இவ்வழுத்தக் குறைவு நன்மை தருகிறது. அதனால் இக்குழு மருந்துகள் அந்நோய்க்கும் பயன்படுகின்றன.

இடர் மிகுந்த நிலைகள்

* இரு சிறுநீரகத் தமனிகளும் குறுகியிருத்தல். இந்நிலையில் வடிகட்டல் ஆஞ்சியோடென்சின்-2ஐப் பெரிதும் சார்ந்துள்ளது.
* வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகையான சிறுநீர்ப்பெருக்கி மருந்து ஆகியவற்றால் உடலில் நீர் குறைதல்.
* இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிநீக்கிகள். இவை உட்செல் நுண்தமனியைச் சுருக்குவதால் வடிகட்டல் மேலும் குறைகிறது.
* ஸ்பைரோனோலாக்டோன் அல்லது பொட்டாசியம் மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளல். எனலாப்ரில் தானே பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியது. மிகையான பொட்டாசியம் இதயத் துடிப்பைச் சீர்குலைக்கும்.

எனலாப்ரிலாட் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரக நோயாளருக்கு அளவு குறைக்கப்படுகிறது. கருவின் சிறுநீரகத்தைப் பாதிப்பதால் கர்ப்பிணிகளுக்கு இது கொடுக்கப்படுவதில்லை.

கண்காணிப்பு

மருந்தைத் தொடங்குமுன்னும், தொடங்கி 1 முதல் 2 வாரங்களிலும், அளவை உயர்த்திய பின்னும் கிரியேட்டினின், பொட்டாசியம் அளவுகள் சோதிக்கப்படுகின்றன. ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, கிரியேட்டினின் தொடக்க அளவிலிருந்து 50% வரை உயர்வதை, அது டெசிலிட்டருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டாதவரை, ஏற்கலாம். பொட்டாசியம் லிட்டருக்கு 5.5 மில்லிமோல் வரை ஏற்கத்தக்கது. இவ்வெல்லை மீறப்பட்டால் முதலில் உடல்நீர்க் குறைவும் உடன் உட்கொள்ளும் பிற மருந்துகளும் ஆராயப்படுகின்றன. பின்னர் அளவு குறைக்கப்படுகிறது. கிரியேட்டினின் இருமடங்குக்கு மேல் உயர்ந்தாலோ, பொட்டாசியம் மிகையாக உயர்ந்தாலோ மருந்து நிறுத்தப்படுகிறது.

ஆய்வுகள்

1987இல் வெளியான கன்சென்சஸ் ஆய்வில், நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளில் மிகக் கடுமையான இதயச் செயலிழப்புடைய 253 பேர் பங்கேற்றனர். ஆறு மாதங்களில் மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரில் 44 விழுக்காட்டினரும், எனலாப்ரில் பெற்றோரில் 26 விழுக்காட்டினரும் இறந்தனர். கிரியேட்டினினின் சிறு உயர்வை மட்டும் கண்டு மருந்தை நிறுத்தினால் இப்பயன் இழக்கப்படும்.