வெஸேர் நதியில் குடும்பத்தோடு

பிரான்ஸ் தேசத்தின் தென்மேற்கே, வால்நட் தோப்புகளும் சுண்ணாம்புப் பாறைகளும் நிறைந்த பெரிகோர் பிரதேசத்தின் ஊடே, வெஸேர் என்னும் நதி, மில்வாஷ் பீடபூமியில் உற்பத்தியாகி, லிமய் கிராமத்தில் டோர்தோன் நதியோடு சங்கமமாகும் வரையில், அவசரம் என்பதே அறியாததுபோல் வளைந்து வளைந்து செல்கிறது. கோடை விடுமுறை பிறந்ததும், தாயும் தந்தையும் குழந்தைகளுமாக ஒரே படகில் அமர்ந்து, கனூ என்னும் அந்த ஒடுங்கிய சிறு படகைத் தாங்களே துடுப்பிட்டுச் செல்லும் குடும்பங்களை இந்நதியில் நெடுகக் காணலாம்.

ஏற்பாடு மிகச் சுலபம். பிரயாணம் முடியும் துறையில் காரை நிறுத்திவிட்டால், படகை வாடகைக்கு விடுகிறவர்கள் நம்மை வேனில் ஏற்றி நதியின் மேற்பகுதியில் இறக்கிவிடுவார்கள். அப்புறம் நீரோட்டத்தோடு இறங்கி வர வேண்டியதுதான். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மாற்றுத் துணியும் நனையாதிருக்க, மூடி திருகிய பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று தருகிறார்கள். மிதவைச் சட்டை எல்லோருக்கும் உண்டு. நீந்தத் தெரியாத பிள்ளைகளைப் பொதுவாக ஏற்றுவதில்லை.

துடுப்பைக் கையில் எடுத்த பிறகுதான் வித்தை தொடங்குகிறது. முன்னால் இருப்பவர் வேகம் கொடுக்க, பின்னால் இருப்பவர் திசை காட்ட வேண்டும். வலப்புறமே தள்ளிக்கொண்டிருந்தால் படகு இடப்புறம் திரும்பிக் கரையோரத்து மரக்கிளைகளுக்குள் புகுந்துவிடும். ஒவ்வொரு தள்ளலின் முடிவிலும் துடுப்பின் தட்டைப் பகுதியை வெளிப்புறமாகத் திருப்பி, நொடிப்பொழுது சுக்கான்போல் நிறுத்திப் பிடிக்கிற சூட்சுமம் பின்னால் இருப்பவருக்குக் கைவந்துவிட்டால், அதுவரை ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் தாமாகவே மௌனமாகிவிடுகிறார்கள். துடுப்பிலிருந்து ஜலம் சொட்டும் ஓசை அப்போதுதான் காதில் விழுகிறது. சரளைக்கல் மேடு குறுக்கிட்டால் இறங்கி, முழங்கால் ஆழத் தண்ணீரில் படகை இழுத்துப்போவது பிள்ளைகளுக்குப் பெருங்குதூகலம். ஆயினும் விழுந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் தூரத்திலேயே விலகிவிட வேண்டும். கிளைகளின் ஊடே தண்ணீர் நுழைந்துவிடும், மனிதன் சிக்கிக்கொள்வான்.

ஆனால், இந்நதியில் படகேறுவதற்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு என்றே நான் கருதுகிறேன். சேன் லெயோன் கிராமத்தின் பழைய தேவாலயம் நீர்விளிம்பிலேயே நிற்பதைக் கடந்து சற்றுத் தூரம் சென்றால், லா ரோக் சேன் கிறிஸ்தோஃப் என்னும் செங்குத்துப் பாறை, ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமும் 80 மீட்டர் உயரமுமாக எழும்பி நிற்கிறது. அடுக்கடுக்காக அதில் அமைந்த குடைவுகளில் பூர்வ காலத்திலிருந்தே மனிதர் வாழ்ந்திருக்கின்றனர். இன்னும் கீழே, லெ முஸ்தியே, லா மத்லேன் என்ற இடங்கள், கற்காலத்தின் இரு பண்பாடுகளுக்குத் தம் பெயரையே தந்திருக்கின்றன. லெ ஸேஸி ஊரில், 1868ஆம் ஆண்டில், குரோமாஞோன் என்னும் ஆதி மனிதரின் எலும்புகள் வெளிப்பட்டன. நதியின் மேற்பகுதியில் மோன்டிஞாக் ஊருக்கு அருகே, 1940 செப்டம்பர் 12 அன்று நான்கு இளைஞர்கள் கண்டுபிடித்த லாஸ்கோ குகை, பார்வையாளரின் மூச்சுக்காற்றே அங்குள்ள கற்கால ஓவியங்களைக் கெடுப்பதால் 1963இல் மூடப்பட்டது. இன்று நாம் காண்பது அதன் பிரதியைத்தான்.

இவற்றைச் சாலை வழியே சென்றும் பார்க்கலாம். ஆனால் அந்த ஆதி மனிதர் குடிநீருக்கும் மீனுக்கும் இறங்கி வந்தது இந்த ஆற்றுக்குத்தான். பாறைக் குடைவுகள் இந்த ஆற்றை நோக்கியே வாய் திறந்திருக்கின்றன. அண்ணாந்து பார்த்தபடி, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, நீரோட்டம் இழுத்த போக்கில் மெல்ல நகரும்போது, பாறையின் கரிய நிழல் படகின்மேல் விழ, அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த குழந்தை, “அங்கே யார் இருந்தார்கள்?” என்று தாயைக் கேட்கிறது. அவள் பதில் தேடுவதற்குள் நதி அடுத்த வளைவில் திரும்பிவிடுகிறது.