கணிப்பொறி நினைவகமும் கழிவு நீக்கமும்

கேரள மாநிலத்து இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளது மாட்டுப்பட்டி. இந்தியாவும் சுவிட்சர்லாந்தும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 1963ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கால்நடைத் திட்டத்தினால் இவ்வூர் புகழ் பெற்றது. உள்நாட்டுப் பசுக்களைப் பழுப்பு சுவிஸ் இனத்துடன் கலப்புச் செய்து 'சுனந்தினி' என்னும் கறவையினம் இத்திட்டத்தின் வாயிலாக உருவாக்கப்பெற்றது. இத்தகைய பணிக்கு மரபேடு இன்றியமையாதது. எந்தக் கன்று எந்தப் பசுவிற்குப் பிறந்தது, அதன் தந்தை எக்காளை, கறவை அளவு யாது என்பன வழுவின்றிக் குறிக்கப்படாவிடில் பல தலைமுறைகளின் உழைப்பு வீணாகும். இவ்வகை ஏடுகள் கணிப்பொறியில் எழுதப்பெறும் இக்காலத்தில், கணிப்பொறி தன் நினைவகத்தை எங்ஙனம் ஆள்கிறது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம்.

சுட்டும் பொருளும்

ஒரு பசுவைப் பற்றிய விவரங்களை நிரல் நினைவகத்தில் ஓரிடத்தில் தொகுத்து வைக்கிறது. இத்தொகுப்பே 'பொருள்' எனப்படும். அப்பொருளை அடைவதற்குரிய வழி 'சுட்டு' ஆகும். மாட்டையும் தும்பையும் இதற்கு உவமையாகக் கூறலாம். தும்பு வேறு, மாடு வேறு. ஒரே மாட்டை இரு தும்புகளாலும் கட்டலாம். அவற்றுள் ஒன்றை அவிழ்த்த மாத்திரத்தில் மாடு அகன்றுவிடாது. அவ்வாறே ஒரு சுட்டு நீங்குவதனால் பொருள் அழிவதில்லை. எல்லாச் சுட்டுகளும் நீங்கிய பின்னரோ, நிரல் அப்பொருளை ஒருபோதும் அடைய இயலாது. அஃது இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும் கழிவாகும்.

'சி' போன்ற மொழிகளில் இக்கழிவை நீக்கும் பொறுப்பு நிரல் எழுதுவோரையே சாரும். நீக்க மறந்தால் நினைவகம் சிறிது சிறிதாக நிரம்பிவிடும். உரிய காலத்திற்கு முன் நீக்கினால், நிரல் இல்லாத பொருளை நாடிச் சென்று பிழைபடும்.

இரு முறைகள்

இவ்விடரை நீக்கும் வழியை அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஜான் மெக்கார்த்தி, தமது 'லிஸ்ப்' மொழியைப் பற்றி 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். நினைவகத்தில் வெற்றிடம் தீர்ந்ததும் நிரலின் வேலை சற்று நிறுத்தப்படும். நிரல் நேராகக் கையாளும் சுட்டுகளிலிருந்து புறப்பட்டு, அடையக்கூடிய ஒவ்வொரு பொருளுக்கும் அடையாளமிடப்படும். அடையாளம் பெறாதவை அனைத்தும் மீண்டும் வெற்றிடத்தில் சேர்க்கப்படும். அக்காலத்துக் கணிப்பொறியில் இவ்வேலைக்குச் சில வினாடிகள் தேவைப்பட்டன.

அதே ஆண்டில் ஜார்ஜ் காலின்ஸ் என்பார் வேறொரு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு பொருளையும் எத்தனை சுட்டுகள் பற்றியுள்ளன என்று எண்ணி வைத்து, எண்ணிக்கை சுழியமானவுடன் அப்பொருளை நீக்குவது இம்முறை. இதில் காத்திருத்தல் இல்லை. எனினும் ஒரு குறை உண்டு. மரபேட்டில் தாய்ப்பசுவின் பதிவு கன்றைச் சுட்டுகிறது. கன்றின் பதிவு தாயைச் சுட்டுகிறது. இரண்டையும் விற்றுவிட்டு ஏட்டிலிருந்து அவற்றின் பெயர்களை நீக்கினோம் எனக் கொள்வோம். வெளியிலிருந்து வரும் சுட்டு எதுவுமில்லை. ஆயினும் ஒன்றையொன்று பற்றியிருத்தலால் ஒவ்வொன்றின் எண்ணிக்கையும் ஒன்றாகவே நிற்கும், ஒருபோதும் சுழியமாகாது. அடையாளமிடும் முறைக்கு இவ்விடர் இல்லை. அது எண்ணுவதில்லை, அடைய இயலுமா என்பதையே பார்க்கிறது.

தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிகளிலும் கேரளப் பள்ளிகளிலும் கற்பிக்கப்பெறும் 'பைதான்' மொழியின் வழக்கமான வடிவம் எண்ணும் முறையையே அடிப்படையாகக் கொண்டது. இத்தகைய வளையங்களைத் தேடி நீக்கும் துணைப்பகுதி 2000ஆம் ஆண்டில் வெளியான இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பெற்றது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத உதவும் 'எழில்' மொழியும் பைதானின் மேல் அமைக்கப்பெற்றதாதலின் இவ்வேற்பாட்டின் பயனை அதுவும் பெறுகிறது.

நினைவகத்திற்கு அப்பாற்பட்டவை

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. கழிவு நீக்கி காப்பது நினைவகத்தை மட்டுமே. திறந்து வைத்த கோப்பு, அளவுக் கருவியுடன் உள்ள இணைப்பு, தரவுத்தளத் தொடர்பு ஆகியவை நினைவகத்திற்கு அப்பாற்பட்டவை. காலைக் கறவையின் அளவுகளை நிரலொன்று கோப்பில் எழுதுகிறது எனக் கொள்வோம். எழுதியவை உடனே வட்டிற்குச் செல்வதில்லை. இடைத்தேக்கத்தில் சிறிது காலம் தங்கும். கோப்பை முறைப்படி மூடும்பொழுது தேக்கத்தில் எஞ்சியவை வெளியேற்றப்படும். மூடுவதற்கு முன்னர் நிரல் திடீரென நின்றுபோனால் அவ்வளவுகள் அழிந்துபடலாம். கறந்த பாலை மறுமுறை அளக்க இயலாது. அந்நாளின் பதிவு இழந்தது இழந்ததே.

பொருள் நீக்கப்படும்பொழுது ஒரு 'முடிவுச் செயல்' தானே நடைபெறும்படி எழுதி, கோப்பை மூடும் பொறுப்பை அதனிடம் விடுவோர் உளர். இது தகாது. கழிவு நீக்கி எப்பொழுது வரும் என்பது உறுதியன்று. நினைவகத்தில் இடம் மிகுந்திருப்பின் அது நெடுநேரம் வாராதிருக்கலாம். நிரல் முடியும்பொழுது முடிவுச் செயல் நடந்தே தீரும் என்பதற்கும் உறுதியில்லை. 'ஜாவா' மொழியினர் இவ்வசதியைத் தவிர்க்குமாறு 2017ஆம் ஆண்டில் அறிவித்தனர். பின்னாளில் அதனை அடியோடு நீக்கவிருப்பதாக 2022ஆம் ஆண்டில் தெரிவித்தனர்.

செய்யத்தக்கவை

கோப்பையோ இணைப்பையோ திறந்த இடத்திலேயே அதனை மூடுவதற்கும் வழி செய்தல் வேண்டும். பைதானில் 'வித்' என்னும் அமைப்பு இதற்கென்றே உள்ளது. அதனுள் நடக்கும் வேலை பிழைபட்டு இடையில் முறிந்தாலும் கோப்பு மூடப்படும். ஜாவாவிலும் 2011ஆம் ஆண்டு முதல் இதற்கொத்த அமைப்பு உண்டு. நீண்ட நேரம் இயங்கும் நிரலாயின், ஒவ்வொரு பதிவுக்குப் பின்னரும் தேக்கத்தை வெளியேற்றுதல் நன்று. கன்றின் பதிவு தாயைக் குறிக்குமிடத்தில், பொருளை நீக்கவிடாமல் பிடித்து நிறுத்தாத 'மென்சுட்டு' என்னும் வகையைப் பயன்படுத்தினால் வளையம் உண்டாகாது.

ஆசிரியர்கள் இப்பாடத்தை நடத்தும்பொழுது மாணவர்களைத் தாய்ப்பசு, கன்று, ஏடு என நிறுத்தி, கையிற் கயிறு கொடுத்து விளக்கலாம். எந்தக் கயிற்றை விட்டால் எவர் தனித்து நிற்பர் என்பதை அவர்களே கண்டுகொள்வர். கழிவு நீக்கி செய்வது எது, தாம் செய்யவேண்டுவது எது என்னும் வேறுபாட்டை மாணவர் தெளிவாக உணர்ந்துவிட்டால், அவர்கள் பின்னாளில் எழுதும் நிரல்களை நம்பி ஏடுகளை ஒப்படைக்கலாம்.