கஜகஸ்தானில் காக்கப்படுவது எது?

உலகப் பாரம்பரிய உடன்படிக்கையை 1994இல் ஏற்ற கஜகஸ்தானின் பெயரில், 2023 வரை ஆறு களங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துள்ளன. அவற்றுள் மூன்று பண்பாட்டுக் களங்கள், மூன்று இயற்கைக் களங்கள். பட்டியலில் இடம்பெறும் களம் ‘சிறப்புமிக்க உலகளாவிய மதிப்பு’ உடையதாக, அதாவது ஒரு நாட்டின் எல்லையைக் கடந்து மனித குலம் முழுமைக்கும் பொருட்படுத்தத்தக்கதாக, இருக்க வேண்டும் என்பது விதி. அம்மதிப்பு எதில் தங்கியிருக்கிறது என்பது களத்துக்குக் களம் வேறுபடுவதால், காக்கும் முறையும் வேறுபடுகிறது.

2003இல் முதலாவதாகச் சேர்க்கப்பட்டது, தெற்கே துர்கிஸ்தான் நகரிலுள்ள கோஜா அகமது யசாவி நினைவு மாடம். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தச் சூஃபி ஞானியின் அடக்கத்தலத்தின் மீது 1389இல் ஆட்சியாளர் தைமூரின் ஆணைப்படி தொடங்கிய கட்டுமானம், 1405இல் தைமூர் இறந்ததும் நின்றுபோனது. பிற சுவர்களை மெருகேற்றிய வண்ண ஓடுகள் அணிசெய்ய, முகப்பின் உயர்ந்த நுழைவாயிலோ வெறும் செங்கல்லாக நிற்கிறது. சாரம் கட்டச் செருகிய மரக்கட்டைகளின் முனைகள் இன்றும் அதில் துருத்திக்கொண்டிருக்கின்றன. பிற்பாடு சாமர்கண்டில் கையாளப்பட்ட கட்டட உத்திகள் இங்கே சோதித்துப் பார்க்கப்பட்டவை என்பதால், முற்றுப்பெறாத அந்நிலையே தைமூரியக் கட்டடக்கலைக்குச் சான்றாகிறது. ஓடு பதித்து முகப்பை நிறைவு செய்தால் அழகு கூடலாம், ஆனால் சான்று அழியும்.

2004இல் சேர்ந்த தம்கலி பள்ளத்தாக்கில், கி.மு. 2ஆம் ஆயிரமாண்டின் பிற்பாதி முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பொறிக்கப்பட்ட ஏறத்தாழ 5,000 பாறைச் செதுக்கல்கள் உள்ளன. தலையைச் சுற்றிக் கதிர்களோடு செதுக்கப்பட்ட ‘சூரியத்தலை’ உருவங்கள் அவற்றுள் புகழ்பெற்றவை. அருகிலுள்ள குடியிருப்புச் சுவடுகள், இடுகாடுகள் ஆகியவற்றோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் இவை மேய்ச்சல் சமூகங்களின் வாழ்வையும் சடங்கையும் காட்டுகின்றன; எனவே ஒரு பாறையைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைப்பதால் எதையும் காத்ததாகாது.

2008இல் இடம்பெற்ற சர்யார்கா களம் நௌர்சும், கோர்கல்ஜின் என்னும் இரு இயற்கைக் காப்பகங்களை உள்ளடக்கியது. பரப்பு 4,50,344 எக்டேர். மரமற்ற பரந்த புல்வெளியான ஸ்டெப்பி நிலத்தின் பெரும்பகுதி, 1954இல் தொடங்கிய சோவியத் கன்னிநிலத் திட்டத்தில் கோதுமை வயலாக உழப்பட்டுவிட்டதால், எஞ்சிய பகுதிக்கு மதிப்பு கூடியுள்ளது. சைகா மான்கள் மேய்வதும், வலசைப் பறவைகள் தங்குவதும், பூநாரைகள் குஞ்சு பொரிப்பதும் இங்கேதான். இங்குள்ள ஏரிகள் ஈரமான ஆண்டுகளில் பெருகி, வறண்ட ஆண்டுகளில் சுருங்கி உவர்ப்பேறுபவை. நீர்மட்டத்தை ஒரே அளவில் நிறுத்திவைக்க முயன்றால், காக்க வேண்டிய இயக்கமே கெட்டுவிடும்.

எல்லை வகுப்பது மட்டுமே காப்பாகாது என்பதற்கு, 2023இல் உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் ஆகியவற்றோடு கூட்டாகப் பதிவான துரான் குளிர்காலப் பாலைகளின் ஓர் அங்கமாகிய பர்சகெல்மெஸ் சாட்சி. ஆரல் கடலின் தீவாக இருந்து 1939இல் காப்பகமான அவ்விடத்தில், குலான் என்னும் காட்டுக்கழுதைகள் 1950களில் கொண்டுவந்து விடப்பட்டன. பருத்தி சாகுபடிக்காக ஆமு தரியா, சிர் தரியா ஆறுகளின் நீர் திருப்பப்பட, கடல் பின்வாங்கித் தீவு நிலத்தோடு இணைந்தது. நன்னீர் அருகியதால் குலான்களில் ஒரு பகுதி தென்கிழக்கே அல்தின்-எமெல் பகுதிக்கு மாற்றப்பட்டது. காப்பகத்தின் கதியைத் தீர்மானித்த ஆற்றுநீர்ப் பங்கீடு அதன் நிர்வாகத்தின் கையில் இருக்கவில்லை. பல நாடுகளின் வழியே ஓடிவரும் அந்நீருக்கு இன்றும் அந்நாடுகள் கூடித்தான் முடிவெடுக்க வேண்டும்.