வெட்டிய மரக்குற்றிகளைப் பாதுகாப்பாக இழுத்தெடுத்தல்

கனடாவில் 2002ஆம் ஆண்டு வின்ட்சர் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ‘எமரால்ட் ஆஷ் போரர்’ என்னும் பச்சை வண்டு, தென் ஒன்டாரியோவின் ஆஷ் மரங்களைப் பெருமளவில் அழித்துவிட்டது. தோப்புடன் கூடிய காணி வைத்திருக்கும் குடியிருப்பாளர்கள், பட்டுப்போன இம்மரங்களை விறகுக்காக வெட்டுவிக்கின்றனர். மரம் வெட்டும்போது காட்டும் எச்சரிக்கையை, வெட்டிய குற்றியைப் பாதைவரை இழுத்து வரும்போது பலர் காட்டுவதில்லை.

குற்றிகளை இழுப்பதற்கு உகந்த காலம், நிலம் உறைந்திருக்கும் மாரிகாலமாகும். இளவேனிலில் பனி உருகி மண் சேறாகும்போது உழவு இயந்திரத்தின் சக்கரங்கள் ஆழமான தடங்களைப் பதிக்கும். மேல்மண்ணில் பரவியுள்ள மேப்பிள் வேர்கள் நசுங்கும். அப்பருவத்தில் மரப்பட்டையும் இளகியிருப்பதால், உரசிச் செல்லும் குற்றி நிற்கும் மரத்தின் பட்டையை எளிதில் உரித்துவிடும். பனி பொழிந்துவிட்டதனால் நிலம் உறைந்துவிட்டது என்று எண்ணலாகாது. தடித்த பனி போர்வைபோல நிலத்தின் வெப்பத்தைக் காக்கும். ஆகவே, இழுக்கும் பாதையிலுள்ள பனியைச் சில நாட்களுக்கு முன்னரே மிதித்து அமுக்கிவிட்டால் குளிர் மண்ணுள் இறங்கும். மண் இறுகிக் கெடுவது பெரும்பாலும் முதற்சில ஓட்டங்களிலேயே நிகழ்வதால், ஒரே பாதையையே மீண்டும் மீண்டும் பயன்படுத்துக.

உயிராபத்து பெரும்பாலும் சங்கிலியைக் கட்டும் இடத்தில் இருக்கிறது. உழவு இயந்திரத்தின் பின்புறத்தில் தாழ்வாக அமைந்த இழுவைச் சட்டத்தில் மட்டுமே சங்கிலியைப் பூட்ட வேண்டும். இருக்கையின் அடியிலோ, பின் அச்சிலோ, மேல் இணைப்பிலோ பூட்டினால், குற்றி ஒரு வேரிலோ கல்லிலோ சிக்கியதும் முன்சக்கரங்கள் எழும்பி, இயந்திரம் ஏறக்குறைய இரண்டு விநாடிக்குள் பின்னோக்கிக் கவிழும். ஓட்டுநர் குதித்துத் தப்ப அவகாசம் இராது. கவிழ்வுக் காப்புச் சட்டம் பொருத்தப்பட்ட இயந்திரத்தையே பயன்படுத்தி, இருக்கைப் பட்டியையும் அணிந்துகொள்க. இரண்டும் சேர்ந்தாலே காப்பு முழுமையாகும்.

குற்றியின் முன்முனையைச் சற்றே உயர்த்தி இழுத்தால் அது மண்ணில் குத்தாது. சரிவில் இறங்கும்போது குற்றி இயந்திரத்தை முந்தி வரக்கூடும். செங்குத்தான இடங்களில் சக்கரத்தால் இழுப்பதைவிட வின்ச் கம்பியால் இழுப்பது நன்று. கம்பி இறுகியிருக்கையில் எவரும் அதன் நேரிலும், அது வளைந்து செல்லும் உட்பக்கத்திலும் நிற்றல் கூடாது. பாதை திரும்பும் இடத்தில் வெட்டவிருக்கும் மரமொன்றை இறுதிவரை விட்டுவைத்தால், உரசல் காயங்களை அதுவே ஏற்று, மற்ற மரங்களைக் காக்கும்.

ஓடையைக் கடந்து இழுக்க எண்ணுவோர் முன்கூட்டியே நகரசபையிடம் அனுமதி விவரங்களைக் கேட்டறிக. வண்டு தாக்கிய விறகைத் தொலைவுக்குக் கொண்டு செல்லாமல் அவ்விடத்திலேயே பயன்படுத்துக. தனியாக இப்பணியைச் செய்யற்க. காணி வாயிலிலுள்ள 911 முகவரிப் பலகையின் எண்ணை உடன் வருபவரும் அறிந்திருத்தல் வேண்டும்.