முரட்டுக் குதிரையிடம் எப்படி நடந்துகொள்வது?

ராஜா தேசிங்கு கதையைக் கேளாத தமிழர் குறைவு. டில்லி பாதுஷாவின் லாயத்தில் எவருக்கும் அடங்காத குதிரையை அவன் அடக்கினான் என்பது கதை. செஞ்சியை ஆண்ட அந்த இளைஞன் 1714-ல் ஆர்க்காட்டு நவாப்பின் படையோடு போரிட்டு மாண்டது சரித்திரம். ஆர்க்காடு நமக்கு அந்நியமல்ல. 1911-ல் தனி மாவட்டமாகும் வரை, வட ஆர்க்காடு ஜில்லாவின் தலைநகரே சித்தூர்தான்.

கதை நல்ல கதை. ஆனால் முரட்டுக் குதிரையைப் பலத்தால் மடக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது நம் மனத்தில் விதைத்துவிட்டது. நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பிராணியோடு பலப்பரீட்சை செய்து ஜெயிக்கும் மனிதன் கிடையாது. குதிரை இயல்பில் பயந்த பிராணி. அதன் முரட்டுத்தனத்தில் பெரும்பகுதி பயம்; மீதியில் பாதி வலி.

திருப்பதித் தெருக்களில் ஜட்காவின் இடத்தை ஆட்டோ பிடித்துக்கொண்டது. ஆயினும் கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறுவதற்குக் குதிரை வருகிறது. திருமலை பிரம்மோற்சவத்தில் வாகனத்துக்கு முன்னே யானை, காளைகளோடு குதிரையும் நடக்கிறது. கூட்டத்தில் நிற்பவர்களுக்கும் குதிரையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றுப்புறம் முழுவதும் அதற்குத் தெரியும். தெரியாத இடங்கள் இரண்டு: நேர் பின்புறம், மூக்குக்கு மிக அருகில் நேர் முன்புறம். இந்த இரண்டு இடங்களில்தான் நம்மவர்கள் போய் நிற்கிறார்கள்! இடது தோளுக்குப் பக்கவாட்டிலிருந்து, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். பின்பக்கமாகக் கடப்பதானால் இரண்டு குதிரை நீளமாவது விலகிப் போக வேண்டும். காது இரண்டும் பின்னுக்குப் படிந்து, வால் வெடுக்வெடுக்கென்று அடித்து, கண்ணின் வெள்ளை தெரிந்தால், உதையோ கடியோ வரப்போகிறது என்று பொருள். குழந்தை கையிலிருக்கும்போது அங்கே நிற்காதீர்கள். தின்னக் கொடுத்தால் விரல்களை மடக்காமல் விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள்.

குதிரையைப் பிடிக்கும் தொழிலாளிக்கு ஒரு வார்த்தை. கயிற்றைக் கையில் ஒருபோதும் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை மிரண்டு பாய்ந்தால் சுற்றிய கயிறு இறுகி விரல் போகும். ஆளையே தரையில் இழுத்துப் போகும். மடித்துப் பிடியுங்கள். கட்டும்போது ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். மேளமும் வெடியும் முழங்கும்போது குதிரைக்குச் சத்தம் முதுகுப் பக்கமாக இருப்பது ஆகாது. சத்தம் வரும் திசையைக் காணும்படி திருப்பி நிறுத்தினால் பாதி மிரட்சி தணியும். மிரண்டு ஓடும் குதிரைக்கு எதிரே கைகளை வீசிக் கூச்சலிடும் வீரர்களைப் பற்றி என்ன சொல்ல!

நேற்று வரை சாதுவாக இருந்த குதிரை இன்று கடிக்க வந்தால் சவுக்கை எடுக்காதீர்கள். வாயைப் பாருங்கள்; கடைவாய்ப் பல் கூராகி நாக்கைக் கிழித்திருக்கலாம். சேணத்தின் கீழே புண் இருக்கலாம். லாட ஆணி குளம்பின் உயிர்ச்சதையில் பட்டிருக்கலாம். தரையைக் காலால் பறித்து, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்துப் படுத்துப் புரண்டால் அது வயிற்றுவலி. உயிருக்கே ஆபத்தானது, தாமதம் கூடாது. திருப்பதியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் பெருமை வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த அளவு உள்ளூரில் பலருக்குத் தெரியவில்லை.

முள் வைத்த கடிவாளம் போட்டு அடக்குவோரும் உண்டு. வண்டி, பொதிப் பிராணிகளுக்கான 1965-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகள் அதைத் தடை செய்கின்றன. வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போகும் இடங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது என்றும் அதே விதிகள் கூறுகின்றன. திருப்பதிக் கோடையில் காய்ந்தவர்களுக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. கொள்ளை, இவ்வூர்த் தெலுங்கில் உலவலுவை, அளவின்றிக் கொடுத்து வேலையில்லாமல் கட்டி வைப்பதும் தவறு. தின்ற கொழுப்பு உதையாகத்தான் வெளிவரும்.

கடிபட்டால் மஞ்சளும் காப்பித்தூளும் அப்பாதீர்கள். வெறிநாய் கடித்த குதிரை மூலமும் வெறிநோய் வரலாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிஷம் கழுவி, உடனே ரூயா ஆஸ்பத்திரி போன்ற அரசாங்க மருத்துவமனைக்குப் போய், குதிரை கடித்தது என்பதைச் சொல்லுங்கள். லாயத்து மண்ணிலும் சாணத்திலும் தனுர்வாதக் கிருமி இருக்கும். அதற்கான ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றிலோ தலையிலோ உதை வாங்கியவருக்கு வெளியே காயம் தெரியாவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும்.