வரைகலை அட்டை வாங்குமுன்

கடற்காற்றில் இரும்பு விரைவில் துருவேறும் என்பது, புத்தளம், பாலாவி உப்பளங்களை அண்டி வாழும் மக்களுக்குப் பழகிய செய்தி. வீட்டுக் கணினிக்குள் இருக்கும் செம்புக்கும் அக்காற்றே பகை என எண்ணுவோர் சிலரே. கற்பிட்டி முதல் உடப்பு வரையுள்ள ஊர்களில், விளையாட்டுக்கென வரைகலை அட்டை வாங்க விரும்பும் இளைஞர் பலர். கடைகளில் கிராபிக்ஸ் கார்ட் என வழங்கும் உறுப்பு இதுவே. குடும்பம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இதற்குச் செலவாவதால், அட்டையின் பெயரையும் விலையையும் மட்டும் நோக்குதல் போதாது; அதைத் தாங்கப்போகும் கணினியையும், அக்கணினி இருக்கும் இடத்தையும் முதலில் ஆராய்தல் வேண்டும்.

திரையில் ஓடும் காட்சி, விநாடிதோறும் அடுத்தடுத்து வரையப்படும் பல படங்களின் தொடராகும். அப்படங்களை வரைவதே இவ்வட்டையின் தொழில். சாதாரணத் திரை விநாடிக்கு 60 படங்களையே காட்டவல்லது. விநாடிக்கு 120 படங்கள் வரையும் அட்டையை அதனுடன் இணைத்தால், மிகுதி பெரும்பாலும் வீணாகும். ஆகவே, முதலிற் பார்க்கவேண்டியது திரை.

அடுத்தது பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கி. தாய்ப்பலகையில் அட்டையைச் செருகும் இடம் 75 வாட் வரையே மின்சாரம் தரும். அதற்கு மேல் வேண்டும் அட்டைக்கு மின்வழங்கியிலிருந்து தனிக்கம்பி தேவை. அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறு கணினிகளில் அக்கம்பி பெரும்பாலும் இராது. உயரமான அட்டைக்கு இடமும் இராது. 2024இல் வந்த 6 கிகாபைட் நினைவகமுள்ள ஜிஃபோர்ஸ் ஆர்.டி.எக்ஸ். 3050 அட்டைக்கு 70 வாட் போதும்; ஆதலின் தனிக்கம்பி வேண்டுவதில்லை. 2021இல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6600, 8 கிகாபைட் நினைவகமும் மிகுந்த வேகமும் உடையது. எனினும் 132 வாட் கேட்கும். நல்ல மின்வழங்கியின் விலையையும் கூட்டியே அதன் விலையைக் கணக்கிடல் வேண்டும்.

மலிவான அட்டை எல்லாக் கணினிக்கும் மலிவாக அமைவதில்லை. 2022இல் வந்த ஆர்.எக்ஸ். 6400, தாய்ப்பலகையுடன் நான்கு தடங்கள் வழியாகவே பேசும். பழைய தாய்ப்பலகையில் அத்தடங்களின் வேகம் பாதியாகக் குறைவதால், விளையாட்டு தடுமாறக்கூடும். அதன் 4 கிகாபைட் நினைவகமும் புதிய விளையாட்டுகள் பலவற்றுக்குப் போதாது.

பழைய அட்டை வாங்குவோர்க்கு மற்றுமோர் எச்சரிக்கை உண்டு. ஈதீரியம் என்னும் எண்மச் செலாவணியை ஈட்டுவதற்காக உலகெங்கும் இவ்வட்டைகள் இரவுபகலாக ஓட்டப்பட்டன. 2022 செப்டெம்பரில் அம்முறை கைவிடப்பட்டதும், அவற்றுட் பல பழம்பொருட் சந்தையை அடைந்தன. உழைத்த அட்டை யாவும் பழுதானது என்பதன்று. ஆயினும் அதன் விசிறி தேய்ந்திருக்கலாம். கனமான விளையாட்டொன்றை அரைமணி நேரம் ஓட்டச் செய்து, திரையிற் கோடுகள் தோன்றுகின்றனவா, விசிறி இரைகின்றதா என்று பார்த்தல் தகும். உலோகத் தகட்டில் துருவோ, செம்பிற் பச்சைக் களிம்போ காணப்படின், விலை எவ்வளவு குறைந்தாலும் விலகுவதே நலம்.

உப்புத்துகள் ஈரத்தை ஈர்க்கும். ஈரமுற்ற உப்பு மின்சாரத்தைக் கடத்தும். எனவே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், கடலை நோக்கிய சன்னலருகே கணினியை வைத்தலாகாது. தூசியை உலர்ந்த தூரிகையால் அவ்வப்போது அகற்றுதல் வேண்டும்.

மின்தடையையும் மறத்தலாகாது. நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல்மின் நிலையம் இருந்தும், 2022இல் நாடு நீண்ட மின்வெட்டுகளைக் கண்டது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடெங்கும் மின்சாரம் நின்றது. மின்சாரம் மீளும் வேளையில் அழுத்தம் திடீரென உயரக்கூடும். தடை நேர்ந்ததும் கணினியின் செருகியைக் கழற்றி, மின்னோட்டம் நிலைபெற்றபின் மீண்டும் இணைத்தல் நன்று.

ஆகவே, கையிலுள்ள பணம் முழுவதையும் அட்டைக்கே கொடுத்துவிடாது, ஒரு பங்கைத் தரமான மின்வழங்கிக்கு ஒதுக்குவதே அறிவுடைமை. ஒருபடி தாழ்ந்த அட்டையாயினும், தக்க மின்வழங்கியோடும் பேணுதலோடும் இயங்குமாயின், அது பல ஆண்டுகள் பயன் தரும்.