குதிரை லாயமும் தோட்டாக் கூடும்

மெட்டலர்ஜி பேப்பர்ல வொர்க் ஹார்டனிங், அனீலிங்னு ரெண்டு மார்க் கேள்வி வரும். எழுதிட்டு மறந்துடுவோம். அந்த ரெண்டையும் கண்ணால பார்க்கணும்னா, சுட்டு முடிச்ச ரைஃபிள் தோட்டாவோட காலிக் கூடு போதும்.

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் பலர் இந்தக் கூட்டைத் தூக்கிப் போடுவதில்லை. வெடிமருந்து, குண்டு, பிரைமர் மூன்றும் ஒரு தடவையோடு சரி. மிஞ்சுவது பித்தளை மட்டும்தான். அதை நிரப்பித் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். (நம்ம ஊரில் ஆயுதச் சட்டம் இருக்கு. நமக்கு சயின்ஸ் மட்டும் போதும், சரியா?)

கூட்டில் 70% செம்பு, 30% துத்தநாகம். சுடும்போது உள்ளே அழுத்தம் 400 மெகாபாஸ்கல் வரை போகலாம். கூடு உப்பி, அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைக்கும். அப்புறம் கொஞ்சம் சுருங்கும். ஆனா பழைய அளவுக்குத் திரும்பாது. அதனால டையில் அழுத்திச் சரி செய்யணும். உப்புறது, அழுத்துறதுன்னு மாறி மாறி நடக்க, கழுத்து இறுகி ஒருநாள் கீறிவிடும்.

இதுக்கு வைத்தியம் அனீலிங். கழுத்தை மட்டும் சில நொடிகள் சூடாக்குவார்கள். அடிப்பாகம் சூடாகவே கூடாது. அது இளகிவிட்டால் அழுத்தம் தாங்காது, வாயு சுடுகிறவர் முகத்துக்கே வரும். சூட்டோடு தண்ணீரில் போட்டால்? எஃகு மாதிரி பித்தளை கடினமாகாது. வைவாவில் இதைக் கேட்டா மாட்டிக்காதீங்க!

இதைவிட சுவாரஸ்யமான கதை நம்ம நாட்டிலேயே நடந்திருக்கு. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், ஒரு தடவைகூட சுடாத கூடுகளில் விரிசல்! 'சீசன் கிராக்கிங்' என்று பேர் வைத்தார்கள். காரணம் 1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் மூவரின் ஆய்வில் தெளிவானது. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, ஈரக்காற்று, கூட்டை இழுத்து வடிவமைத்தபோது உள்ளேயே தங்கிவிட்ட தகைவு எல்லாம் சேர்ந்த வேலை அது. தனியா அம்மோனியா மட்டும் இருந்தாலோ, தகைவு மட்டும் இருந்தாலோ இப்படி விரிசல் விழாது. மிதமான சூட்டில் அந்தத் தகைவைத் தணித்ததும் தொல்லை அடங்கியது.

இன்னைக்கும் கூடுகளைத் திரும்ப நிரப்புகிறவர்கள், அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷை அதன் பக்கத்திலேயே கொண்டு வருவதில்லை.